இருபதாம் படி

ரெபேக்காள் வீட்டுக் கிணற்றில் மோட்டார் ஓடும், தண்ணீர் வராது. சரியாகச் சொல்ல வேண்டுமானால், முதல் இருபத்தைந்து நிமிடம் நல்ல பிள்ளையாக வரும். பிறகு குழாய் இருமும், நாலு தடவை துப்பும், அப்புறம் வெறும் காற்றுதான். மார்ச் கடைசியில் தொடங்கிய இந்தக் கூத்து, மே மாதம் முடியப்போகிற இந்த வியாழக்கிழமை வரைக்கும் ஓயவில்லை. நாளைக் காலை ஒன்பது மணிக்கு போர் போடுகிற லாரி வருகிறது. போர் போட்ட கையோடு கிணற்றை மூடிவிட்டு, அந்த இடத்தில் கார் நிறுத்த ஷெட் போடுவது என்று அவள் கணவர் பெஞ்சமின் முடிவு கட்டிவிட்டார்.

பெஞ்சமினைக் குறை சொல்லவும் முடியாது. செங்கோட்டையில் கேரளாவுக்குச் சரக்கு அனுப்புகிற லாரி புக்கிங் ஆபீசில் காலையில் போய் உட்கார்ந்தால் இருட்டிய பிறகுதான் எழுந்திருப்பார். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றுவதற்குள் இன்றைக்கு மோட்டார் எத்தனை நிமிடம் ஓடியது, எப்படி நின்றது என்ற கதை ஆரம்பித்துவிடும். இரண்டு மாதமாக ஒரே கதையைக் கேட்டால் யாருக்குத்தான் சலிக்காது? ஊற்று செத்துவிட்டது, ஒரு போரைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருப்போம் என்று அவர் நினைத்ததில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை.

ஆனால் ரெபேக்காளுக்கு அந்தக் கிணறு வேண்டும். செங்கோட்டையிலிருந்து பண்பொழி போகிற ரோட்டில், வீட்டை ஒட்டியே அவள் ஒரு நாற்றுப் பண்ணை வைத்திருந்தாள். கிராம்பு, ஜாதிக்காய், நல்லமிளகு எல்லாம் உண்டு என்றாலும் அவளுடைய சொத்து நானூறு மங்குஸ்தான் கன்றுகள். சீசனில் குற்றாலத்துக்கு வருகிறவர்கள் அந்தப் பழத்தைப் பை பையாக வாங்கிப்போவார்கள். அதன் கன்று எப்படிப்பட்டது என்று அவர்களுக்குத் தெரியாது. விதை போட்டு இரண்டு வருடம் ஆனாலும் ஆறு இலைக்கு மேல் விடாது. தண்ணீரில் கொஞ்சம் உப்பு இருந்தால் அந்த ஆறும் ஓரம் கருகி உதிர்ந்துவிடும். அந்தத் தெருவில் போர் போட்ட வீடுகளில் குழாய் வாயெல்லாம் வெள்ளை பூத்துக் கிடந்தது. ரெபேக்காள் யார் பேச்சையும் நம்பாமல், பத்துக் கன்றுகளைத் தனியே எடுத்துவைத்து, பக்கத்து வீட்டு போர்த் தண்ணீரை இரண்டு மாதம் ஊற்றிப் பார்த்தாள். ஏழு செத்துப்போயின. மிச்சம் மூன்றையும் பெஞ்சமினிடம் கொண்டுபோய்க் காட்டினாள். அவர் பார்த்துவிட்டு, வேறு செடி வளர்த்தால் போயிற்று என்றார். அன்றைக்கு அவளுக்கு வந்த கோபத்தில் சோறு இறங்கவில்லை.

போருக்கு இடம் பார்க்க வந்தவர் செல்லப்பா என்கிற ஏஜெண்டு. உள்ளங்கையில் ஒரு தேங்காயைப் படுக்கவைத்துக்கொண்டு தோட்டம் முழுக்க நடந்தார். மாமரத்தடிக்கு வந்ததும் தேங்காய் எழுந்து நின்றது. ரெபேக்காள் கவனித்த வரையில் அவருடைய பெருவிரலும் கூடவே எழுந்து நின்றது. பெஞ்சமின் சபையில் கமிட்டி மெம்பர். இதெல்லாம் அவர் நம்பக்கூடாத விஷயம். தேங்காயும் கர்த்தர் படைத்ததுதானே என்று சொல்லிவிட்டார். கிணற்றில் கண்ணுக்குத் தெரிகிற தண்ணீரைப் பற்றிக் கேட்டதற்கு, அது பழைய தண்ணீர், ஊற்றுத் தண்ணீர் இல்லை என்று செல்லப்பா தீர்ப்புச் சொன்னார்.

அந்தப் பக்கத்தில் கிணற்றுத் தண்ணீரை யாரும் அடிக்கணக்கில் சொல்லமாட்டார்கள். படிக்கணக்குதான். கிணற்றுச் சுவரிலிருந்து ஒன்றேகால் அடிக்கு ஒரு கல்லாக நீட்டி வைத்திருப்பார்கள்; அதில் கால் வைத்துத்தான் இறங்க வேண்டும். மழைக்காலத்தில் மூன்றாம் படியில் தண்ணீர் கிடக்கிறது என்பார்கள், கோடையில் பதினைந்தாம் படிக்குப் போய்விட்டது என்பார்கள். கல்யாணமாகி வந்த இருபத்தாறு வருடத்தில் ரெபேக்காளுக்குத் தன் கிணற்றின் ஒவ்வொரு படியும் மனப்பாடம். முதல் படிக்கு மூலை உடைந்திருக்கும், ஒன்பதாம் படி லேசாக ஆடும். குழாயின் அடி நுனியில் இருக்கிற புட்வால்வு இருபதாம் படிக்கு நேராகத் தொங்க வேண்டும். தண்ணீரை மேலே விட்டுக் கீழே விடாமல் பிடித்துக்கொள்கிற அந்த மூடி இருபதாம் படியில் இருந்தால், கிணற்றில் ஏழெட்டு வாளித் தண்ணீர் மிச்சம் இருக்கிற வரைக்கும் மோட்டார் எடுத்துவிடும்.

இப்போதோ தண்ணீர் பதினாறு, பதினேழாம் படியில் கிடக்கும்போதே மோட்டார் காற்றைக் குடித்தது. வால்வுக்கு மேலே இன்னும் மூன்று படித் தண்ணீர் இருக்க, காற்று எங்கிருந்து வரும்? எங்கேயோ ஓட்டை என்றுதான் அவள் முதலிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தாள். சோப்பை நுரைத்து ஒவ்வொரு இணைப்பிலும் தடவிப் பார்த்தாள். காற்று இழுக்கிற இடம் என்றால் நுரை உள்ளே போய்விடும். எங்கேயும் போகவில்லை. மோட்டாரில் தண்ணீர் ஊற்றி நிறுத்திப் பார்த்தாள். ஊற்றின தண்ணீர் இறங்காமல் நின்றது. ஆகவே புட்வால்வும் சரி.

வியாழக்கிழமை காலையில் அவள் வேறு ஒரு வேலை செய்தாள். கிணற்றுக்கு மேலே இருக்கிற மோட்டாரைப் போட்டுவிட்டு உள்ளே இறங்கி, பத்தாம் படியில் உட்கார்ந்து, தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் குறைந்து குறைந்து, பதினேழாம் படியின் தலை வெளியே தெரிந்ததும் குழாய் இருமியது. நிறுத்திவிட்டு ஒன்றரை மணி நேரம் கழித்துத் திரும்பப் போட்டாள். அதே பதினேழாம் படியில் அதே இருமல். மூன்றாம் தடவையும் பார்த்தாள். ஒரு விரல்கடை முன்னே பின்னே இல்லை.

அவளுக்கு உடம்பெல்லாம் சூடாயிற்று. குழாயில் பதினேழாம் படிக்கு நேராக ஒரு ஓட்டை. தண்ணீர் அதை மூடியிருக்கிற வரைக்கும் குழாய் ஒழுங்காக இழுக்கும். தண்ணீர் அதற்குக் கீழே போனதும் காற்றை இழுக்கும். இதைவிடத் தெளிவாக ஒரு கிணறு எப்படிப் பேசும்? போனில் பெஞ்சமினிடம் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

“ஏட்டி, லாரிக்குச் சொல்லியாச்சு. நாளைக்கு ஒம்பது மணி வரைக்கும் உன் பாடு. அதுக்குள்ள தண்ணி வந்தா பாப்போம்” என்றார்.

அந்தக் குழாயைப் போட்டவர் அச்சன்புதூர் நாறும்பூநாதன். அவருக்கும் ரெபேக்காளுக்கும் இரண்டு மாதமாகப் பேச்சு இல்லை. மார்ச்சில் முதல் தடவை மோட்டார் காற்றுக் குடித்தபோது அவள் அவருக்குத்தான் போன் செய்தாள். எங்கேயோ வேலையில் இருந்த மனுஷர், தண்ணீர் இருந்தால் மோட்டார் எடுக்கும், இல்லையென்றால் எடுக்காது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. நேராகச் செங்கோட்டையில் ஷமீம் பானுவின் ஹார்டுவேர்ஸ் கடைக்குப் போய், நாலு பேர் நிற்கும்போது, நாறும்பூநாதன் ஓட்டைப் பைப்பை மாட்டி ஏமாற்றிவிட்டார் என்று சொல்லிவிட்டு வந்தாள். அந்தக் கடையில் சொன்னால் தாலுகா முழுக்கச் சொன்ன மாதிரி. பிளம்பர், எலக்ட்ரீஷியன், கொத்தனார் எல்லாருக்கும் அது தாய்வீடு.

ஓட்டை இருக்கிற இடத்தையே கண்டுபிடித்தாயிற்று, இனி அவர் எப்படி மறுப்பார் என்று பார்க்கிறேன் என்று ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு மத்தியானமே அச்சன்புதூருக்குப் போனாள். நாறும்பூநாதன் சாப்பிட்டு முடித்து வாசலில் உட்கார்ந்து ஒரு பழைய மோட்டாரைப் பிரித்துக்கொண்டிருந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும், ஒல்லியான மனிதர், கோபம் வந்தாலும் குரல் உயராது. வாங்க என்றார். உட்காரச் சொல்லவில்லை.

அவள் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். பதினேழாம் படி, மூன்று தடவை, ஒரு விரல்கடை வித்தியாசமில்லை. அவர் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். நல்ல தொழில்காரனுக்கு வழக்குப் பேச வந்தவர்கள் சொன்னாலும் ஒரு பழுதின் விவரம் காதில் ஏறாமல் போகாது. பிறகு, அது கம்பெனியிலிருந்து வந்த புதுப் பைப், நடுவில் இணைப்பே கிடையாது, ஓட்டை விழ வழியில்லை என்றார். பழைய இரும்புக் குழாய் துருப்பிடித்து உடைந்து அடித்துண்டு கிணற்றிலேயே விழுந்துவிட்டதால் நீளம் தெரியாமல் போயிற்று. கிணறோ போன ஆவணி மாசத்தில் தளும்பிக் கிடந்தது, கீழ்ப்படிகள் எதுவும் கண்ணில் தெரியவில்லை.

“நீங்க அப்ப மகள் பிரசவத்துக்குத் தூத்துக்குடியில இருந்தீங்க. எத்தனாம் படிக்கு எறக்கணும்னு போன்ல கேட்டேன். இருவதுன்னீங்க. படிக்கும் படிக்கும் உள்ள எடைவெளிய அளந்து, இருவதால பெருக்கி வெட்டினேன்” என்றார்.

அதெல்லாம் சரிதான். அவள் இருபது என்று சொன்னது அவளுக்கே நினைவிருந்தது. ஆனாலும் அந்தப் பெருக்கலில் ஏதோ உறுத்தியது.

“எந்தப் படியில இருந்து எண்ணுனீங்க, அண்ணாச்சி?”

“மொதப் படியில இருந்துதான். கைப்பிடிச் சுவருக்குக் கீழ சிமெண்டுல ஒண்ணு இருக்குல்லா, அதுல இருந்து.”

ரெபேக்காள் விரலை மடக்கி எண்ணிப் பார்த்தாள்.

ரோடு போடுகிறவர்கள் பழைய ரோட்டைக் கொத்தி எடுக்கமாட்டார்கள். அதன் தலையிலேயே புதிதைக் கொட்டிவிட்டுப் போவார்கள். அப்படிப் போட்டுப் போட்டு மூன்று வருடத்துக்கு முன்னால் பண்பொழி ரோடு அவள் வீட்டு முற்றத்தைவிட நாலடி உயர்ந்துவிட்டது. மழை பெய்தால் ரோட்டுத் தண்ணீர் முழுக்க வீட்டுக்குள் வந்தது. முற்றத்தில் சரள் மண்ணடித்து மேடாக்கினார்கள். கிணற்றின் கைப்பிடிச் சுவரையும் நாலடி ஏற்றிக் கட்டி, கொத்தனார் புதிதாக மூன்று சிமெண்டுப் படிகளை வைத்துக் கொடுத்தார். அந்த மூன்றையும் அவள் வீட்டில் யாரும் படி என்று எண்ணியதே இல்லை. அவர்களுக்கு முதல் படி என்றால் மூலை உடைந்த பழைய கல்தான். சிமெண்டுப் படிகளில் கால் வைத்துத்தான் இறங்கினார்கள். ஆனால் கணக்கில் சேர்க்கவில்லை. புதிதாக வந்த ஆளுக்கு எது பழசு, எது புதுசு என்று என்ன தெரியும்? மேலேயிருந்து எண்ணியிருக்கிறார். அவருடைய இருபது, அவளுடைய பதினேழு.

குழாயில் ஓட்டை எதுவும் இல்லை. பதினேழாம் படிக்கு நேராக இருந்தது குழாயின் வாய்.

வெட்கம் அவளைப் பிடுங்கித் தின்றது. ஊரெல்லாம் ஒருவரைத் திருடன் என்று சொல்லி, அவர் வாசலுக்கே வழக்குப் பேச வந்து, தன் தப்பைத் தானே தோண்டி எடுத்திருக்கிறாள். ஓடிப்போய்விடலாம் போல இருந்தது. ஆனால் நாளைக் காலை ஒன்பது மணி என்பது மண்டையில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. சிமெண்டுப் படி விவரத்தை அவரிடம் சொன்னாள். தப்பு என்னுடையது, நீங்கள் இப்போதே வந்து குழாயை நாலடி இறக்கித் தர வேண்டும், இல்லையென்றால் நாளைக்குக் கிணற்றை மூடிவிடுவார்கள் என்றாள்.

நாறும்பூநாதன் பிரித்துப்போட்டிருந்த போல்ட்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஒரு டப்பாவில் போட்டார்.

“ரெண்டு மாசமா நான் பானு கடைக்குப் போகல்ல. எதுக்க உள்ள டீக்கடையில கூட உக்காரல்ல. சாமான் வாங்கணும்னா தென்காசிக்குப் போதேன்” என்றார். “தப்புன்னு எங்கிட்ட வந்து சொல்லி என்ன செய்ய? அங்கன சொன்னதுக்கு அங்கன போயில்லா பதில் சொல்லணும்.”

குழாய்க்கும் கடைக்குத்தானே போக வேண்டும், வாருங்கள் என்றாள் ரெபேக்காள். சொல்லிவிட்டாளே தவிர, செங்கோட்டை வரைக்கும் கடையில் என்ன சொல்வது என்று வார்த்தை தேடிக்கொண்டே ஸ்கூட்டியை ஓட்டினாள். பின்னால் அவருடைய டிவிஎஸ் வண்டிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

கடையில் கூட்டம் இல்லாமல் இருக்கக்கூடாதா என்று நினைத்தாள். நாலைந்து பேர் இருந்தார்கள். அதில் இரண்டு பேர் அன்றைக்கும் நின்றவர்கள். ஷமீம் பானு கல்லாவில் உட்கார்ந்து யாருக்கோ டேப் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ரெபேக்காள் ஐந்தடிப் பைப், துண்டுகளை இணைக்கிற கப்ளிங் ஒன்று, ஒட்டுகிற சொல்யூஷன் டப்பா ஒன்று கேட்டாள். எல்லாம் மேஜைக்கு வந்துவிட்டன. எடுத்துக்கொண்டு போய்விடலாம், அவர் வெளியேதான் நிற்கிறார், உள்ளே பேசியது காதில் விழவா போகிறது என்று ஒரு நினைப்பு வரத்தான் செய்தது. அதை அவள் அங்கேயே மிதித்தாள்.

“பானு, மார்ச் மாசம் இதே எடத்துல நின்னு நான் ஒண்ணு சொன்னேன்” என்றாள். குரல் அவள் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. “நாறும்பூநாதன் அண்ணாச்சி ஓட்டைப் பைப் மாட்டி ஏமாத்திட்டார்னு சொன்னேன். பைப்ல ஓட்டை இல்ல. அவர் ஏமாத்தவும் இல்ல. நான்தான் படிக்கணக்கைத் தப்பாச் சொல்லிக் கொடுத்தேன். இது கேட்ட ஆட்கள் அதை எங்கெங்க சொன்னீங்களோ, இதையும் அங்கங்க சொல்லிருங்க.”

பெயிண்ட் டப்பாவோடு நின்ற ஒருவர் தலையைக் குனிந்துகொண்டார். அதை அதிகமாகப் பரப்பியவர் அவராகத்தான் இருக்க வேண்டும். ஷமீம் பானு மட்டும் எட்டிப் பார்த்து, வெளியே ஏன் நிற்கிறீர்கள், உள்ளே வந்து பைப்பின் கனம் சரியா என்று பாருங்கள் என்று நாறும்பூநாதனைக் கூப்பிட்டாள். அவர் வந்தார். பைப்பைத் தட்டிப் பார்த்துவிட்டு, இது ஆகாது, கனமானது எடுங்கள் என்றார். குரலில் பழைய அதிகாரம் வந்திருந்தது.

வீட்டுக்கு வரும்போது மணி நாலாகிவிட்டது. கப்பியில் கயிறு போட்டுக் குழாயை மேலே இழுத்தார்கள். இருபத்தைந்து அடிக் குழாய் தண்ணீரோடு என்ன கனம் கனக்கும் என்று இழுத்தவர்களுக்குத்தான் தெரியும். ரெபேக்காளின் உள்ளங்கை தோல் உரிந்தது. நாறும்பூநாதன் நுனியை அறுத்து, கப்ளிங் வைத்து, புதுத்துண்டை ஒட்டி, அதன் கீழே அதே புட்வால்வை மாட்டினார். சொல்யூஷன் காய ஒரு மணி நேரம். அதையும் காத்திருந்து, குழாயை இறக்கி மோட்டாரோடு சேர்த்து முறுக்கினார். இனி குழாய் நிறையத் தண்ணீர் ஊற்றி மோட்டாரைப் போட வேண்டியதுதான். ரெபேக்காள் குடம் குடமாக ஊற்றினாள். ஊற்ற ஊற்ற இறங்கிக்கொண்டே இருந்தது. பன்னிரண்டு குடம் ஊற்றியும் நிறையவில்லை.

வால்வு மூடாமல் நிற்கிறது, இழுத்த இழுப்பில் ஏதோ மாட்டியிருக்கிறது என்றார் நாறும்பூநாதன். திரும்பவும் குழாயை மேலே ஏற்ற வேண்டும். அதற்குள் வெளிச்சம் போய்விட்டது. இருட்டில் கிணற்று வேலை வேண்டாம், காலையில் ஆறு மணிக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு அவர் புறப்பட்டார். ரெபேக்காள் தடுக்கவில்லை. ஒன்பது மணி என்பதை அவர் மறந்துவிடக்கூடாதே என்று மட்டும் நினைத்தாள்.

அவர் ஐந்தே முக்காலுக்கே வந்துவிட்டார். பெஞ்சமின் பனியனும் லுங்கியுமாக வெளியே வந்து பார்த்தார். மனைவியின் கையில் சுற்றியிருந்த துணியைப் பார்த்தார். இதெல்லாம் வீண் வேலை என்று முணுமுணுத்துக்கொண்டே வந்து கயிற்றின் முனையைப் பிடித்தார். மூன்று பேர் இழுத்ததில் குழாய் சீக்கிரம் ஏறிவிட்டது. வால்வைக் கழற்றி உள்ளே விரல் விட்டுத் துழாவினால், மூடியின் விளிம்பில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு நத்தை ஒட்டிக்கொண்டிருந்தது. நானூறு கன்றின் உயிரை இவ்வளவு சிறிய ஒன்று கையில் வைத்திருந்ததைப் பார்த்து ரெபேக்காளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. நாறும்பூநாதன் அதைப் பிய்த்துத் தூரப் போட்டு, மூடியின் ரப்பரைத் துடைத்து, வாயால் உறிஞ்சிப் பார்த்துவிட்டுத் திரும்ப மாட்டினார்.

இந்தத் தடவை நாலு குடத்தில் குழாய் நிறைந்தது. ஊற்றின தண்ணீர் வாய்வரைக்கும் வந்து அசையாமல் நின்றது. அவர் மூடியை முறுக்கும்போது வெளியே ஹாரன் சத்தம் கேட்டது. எட்டேகாலுக்கே போர் லாரி வந்துவிட்டது. செல்லப்பா இறங்கி வந்து, கேட்டை அகலத் திறக்கச் சொன்னார்.

ரெபேக்காள் கேட்டைத் திறக்கவில்லை. மோட்டாரைப் போட்டாள். தண்ணீர் தொட்டியில் விழுந்தது. விழுந்ததைப் பார்த்து யாரும் சந்தோஷப்படவில்லை, ஏனென்றால் முதல் இருபத்தைந்து நிமிடம் அது எப்போதுமே விழும். நேற்று மத்தியானத்துக்குப் பிறகு இறைக்காததால் தண்ணீர் பதினாலாம் படி வரைக்கும் ஏறியிருந்தது. பதினேழு தெரிய இன்னும் கூடுதல் நேரமாகும் என்று பெஞ்சமினிடம் சொன்னாள். செல்லப்பா, லாரிக்கு வேறு இடம் இருக்கிறது, இப்படிக் காக்கவைத்தால் எப்படி என்றார். பெஞ்சமின் கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்பது மணிவரைக்கும் அவளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன் என்று மட்டும் சொன்னார்.

நாலு பேரும் கைப்பிடிச் சுவரில் கையை ஊன்றிக் கீழே பார்த்துக்கொண்டு நின்றார்கள். பதினைந்து தெரிந்தது. பதினாறு தெரிந்தது. கணக்கில் இன்னும் ஏதாவது விட்டுப்போயிருந்தால்? ஒன்பதாக ஐந்து நிமிடம் இருக்கும்போது பதினேழாம் படியின் தலை ஈரமாக வெளியே வந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள், அந்த இருமலை எதிர்பார்த்து.

இருமல் வரவில்லை. மோட்டார் அதே சீரில் ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீர் அதே கனத்தில் விழுந்தது. பதினேழாம் படி முழுசாக வெளியே தெரிந்தது. மணி ஒன்பது அடித்தும் பெஞ்சமின் அசையவில்லை. பதினெட்டின் தலை தெரிந்த பிறகு தண்ணீர் இறங்குவது மெல்ல மெல்லக் குறைந்து, கொஞ்ச நேரத்தில் நின்றேபோய்விட்டது. நாறும்பூநாதன்தான் முதலில் பார்த்தார். கீழ்ப்புறச் சுவரில், பதினெட்டாம் படிக்குப் பக்கத்தில், இரண்டு கல்லுக்கு நடுவிலிருந்து கை பருமனுக்கு ஒரு ஊற்று கொட்டிக்கொண்டிருந்தது. மோட்டார் இறைக்க இறைக்க அது நிரப்பிக்கொண்டிருந்தது. மோட்டாரை ஒரு நிமிடம் நிறுத்தச் சொன்னார். ஊற்று கொட்டுகிற சத்தம் மேலே வரைக்கும் கேட்டது.

செத்துப்போன ஊற்று அது. பெஞ்சமின் வெகுநேரம் அதைக் கேட்டுக்கொண்டு நின்றார்.

பிறகு திரும்பி, பிளம்பர் நாலடி குறைச்சலாகக் குழாய் போட்டதனால் வந்த வினை, மன்னிக்கணும் என்று செல்லப்பாவிடம் சொல்ல ஆரம்பித்தார். ரெபேக்காள் விடவில்லை. அவர் தப்பு இல்லை, நான் சொன்ன கணக்குத்தான் தப்பு, மேலே மூன்று படி ஏறியதை விட்டுவிட்டேன் என்றாள். நேற்றுக் கடையில் சொன்னதற்கு இது ஒன்றும் கஷ்டமாக இல்லை.

“நானும் எந்தப் படின்னு கேட்டிருக்கணும்” என்றார் நாறும்பூநாதன், கையைத் துடைத்துக்கொண்டே. “கேக்கல்ல. அவங்க ஒருத்தங்க தலையிலயே போட வேண்டாம்.”

ரெபேக்காள் அவரைப் பார்த்தாள். இரண்டு மாதமாக இந்த மனுஷரைப் பற்றிப் பேசியதையெல்லாம் நினைத்ததும் அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டு, மோட்டாரைத் திரும்பவும் போடப் போனாள். கன்றுகளுக்கு இரண்டு மாதமாக அரைத் தண்ணீர்தான் கிடைத்துக்கொண்டிருந்தது.

பெஞ்சமின் லாரியைத் திருப்பிக்கொள்ளச் சொல்லிவிட்டார். செல்லப்பாவுக்கு மனம் வரவில்லை. கேட் வரைக்கும் போனவர் நின்று, குரலை இறக்கி, அக்கறையாகவே பேசினார்.

“அண்ணாச்சி, கிணத்துத் தண்ணியை நம்பாதீங்க. இன்னைக்கு இருக்கும், அடுத்த கோடைக்குப் போயிரும். அப்ப என்னையத்தான் தேடுவீங்க.”

பெஞ்சமின் மனைவியைப் பார்த்தார். ரெபேக்காள் ஹோஸ் குழாயை இழுத்துக்கொண்டு மங்குஸ்தான் கன்றுகளின் பக்கம் போய்க்கொண்டிருந்தாள். நின்று திரும்பினாள்.

“போனா, எந்தப் படியில போச்சுன்னு நான் சொல்லுதேன்” என்றாள். “ரோடு எத்தனை தடவை ஒசந்தாலும் கிணத்தோட அடி ஒசராது. இனிமே கீழ இருந்து எண்ணிச் சொல்லுதேன்.”